கை நனையாத சாப்பாடு

— பயப்படாதீங்க வடிவு ஆன்ட்டி. பலகை சத்தம்தான் போடும், உடையாது.

— ஒடஞ்சா நேரா யமுனையிலதான் போயி உளுகோணும். ஏங்கண்ணு செல்வி, இது கடையா, கோழிக்கூண்டா? மூங்கத் தட்டியும் தகரமும் தவிர ஒண்ணையுங் காணமே.

— கடைதான். யூனிவர்சிட்டி பசங்க எல்லாரும் இங்கதான் சாப்பிடுவோம். நீங்கதானே பஸ்ல சொன்னீங்க, 'நீ எப்பவும் எங்க திம்பியோ அங்கயே கூட்டிட்டுப் போ'ன்னு? எங்கப்பா கனாட் பிளேஸ்ல நல்ல ஹோட்டலாப் பார்த்துக் கூட்டிட்டுப் போகச் சொன்னார்.

— நல்ல ஓட்டல்ல உன்னைய எப்பிடிப் பாக்கறது? அங்க நீயும் என்னையாட்டமே திருதிருன்னு முழிச்சுட்டு உக்காந்திருப்ப. இதாரு கடை? சீனாக்காரங்களா?

— அரே, மெதுவா ஆன்ட்டி! திபெத்காரங்க. சீனாக்காரங்க வந்து பிடிச்சுக்கிட்டதாலதான் ஊரை விட்டு ஓடி வந்தாங்க. இந்த மஜ்னு கா டீலாவுல அவங்க காலனியே இருக்கு. சீனான்னு காதுல விழுந்தா கடை நடத்தற தீதிக்குக் கோவம் வந்துடும்.

— நாம பேசறது அவளுக்கு வெளங்குமாக்கும்?

— சீனாங்கிறது மட்டும் விளங்கும்.

— ஆஜா செல்வி, ஆஜா! யே கௌன் ஹை? தேரி சாஸ்?

— என்னங்கண்ணு கேக்கறா? என்னையப் பாத்துச் சிரிக்கறா பாரு.

— ஒண்ணுமில்ல ஆன்ட்டி. நீங்க யாருன்னு கேக்கறாங்க.

— அதுல சாசுன்னு ஒண்ணு வந்துச்சே?

— அது வந்து... சாஸ்னா மாமியார். நஹீ தீதி, அபீ நஹீ! கல் பதா சலேகா.

— நீ என்ன சொன்ன?

— இன்னும் இல்ல, நாளைக்குத்தான் தெரியும்னு சொன்னேன்.

— அதுஞ் செரி. நெசத்தத்தான சொல்லியிருக்கற.

— நாளைக்கு எங்க வீட்டுக்கு வரும்போது அங்கிள்கிட்ட சொல்லிடாதீங்க, இந்த மாதிரி இடத்துக்குக் கூட்டிட்டு வந்தேன்னு.

— அவருகிட்ட எதுக்குச் சொல்றேன்? அவரும் என்ற கொழுந்தனாரும் குதுப்மினார் பாக்கப் போயிருக்கறாங்க. எனக்கு முட்டி வலிக்குதுன்னு சொல்லிப்போட்டு சாணக்யபுரி ரூம்புலயே படுத்துட்டேன். அவிய வண்டி அக்கட்டத் திரும்புச்சு, நான் ஆபீசு ரூம்புக்கு வந்து உங்களுக்குப் போன் போட்டுட்டேன்.

— பக்கத்து வீட்டு சர்தார்ஜி ஓடி வந்து 'மதராஸ்லேர்ந்து ட்ரங்க் கால்'னு கத்தினார். நானும் பதறிப்போய் ஓடறேன். பார்த்தா நீங்க, ரெண்டு ஸ்டாப் தள்ளியிருந்து பேசறீங்க. ஃபோன்ல தமிழ் கேட்டாலே அவருக்கு மதராஸ்தான். அதிருக்கட்டும், முட்டி வலியோடவா இவ்வளவு தூரம் நடந்தீங்க?

— வலியெல்லாம் சொல்றதுக்குத்தான் கண்ணு. சித்தெ இரு, இந்தப் போர்வைய மடிச்சுக் கீழ போட்டுக்கறேன். பலகை சில்லுனு இருக்குது.

— சித்தென்னா? சித்தியா?

— சித்தென்னா கொஞ்ச நேரம். உங்கப்பாரு நம்ம திருச்செங்கோட்டுக்காரருதான, ஊட்டுல இந்தப் பேச்செல்லாம் பேச மாட்டாரா?

— அப்பா ஆபீஸ் தமிழ் பேசுவார், அம்மா டி.வி. தமிழ் பேசுவாங்க. நானும் தம்பியும் ஹிந்தியிலயே சண்டை போட்டுப்போம். சித்தெ. அச்சா. சித்தெ இரு. நல்லா இருக்கு ஆன்ட்டி, எனக்கு இது வேணும்.

— உனக்கெதுக்கு?

— என் படிப்பே அதுதானே. லிங்க்விஸ்டிக்ஸ். ஒரே பாஷை ஊருக்கு ஊர் ஏன் மாறுது, ஜனங்க இடம் மாறினா எந்த வார்த்தை கூட வருது, எது விட்டுப்போகுது, அதைத்தான் எம்.ஃபில்.ல எழுதறேன்.

— பேச்சப் பத்திப் படிக்கறதுக்குன்னு ஒரு படிப்பா? அப்ப எங்க சந்தைக்கு வந்தீன்னா டாக்டரே ஆயிருவ. அதென்ன வருது? அல்லோ, இது நம்ம கொழுக்கட்டையல்ல?

— மோமோ. சூடு, பார்த்து! எங்கம்மாவும் இதையேதான் சொன்னாங்க. ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வாங்கிட்டுப் போனேன். நான் முகம் கழுவிட்டு வர்றதுக்குள்ள பிள்ளையாருக்கு முன்னாடி வெச்சு, கற்பூரம் காட்டிட்டாங்க. உள்ளே ஃபுல்லா பூண்டும் வெங்காயமும்!

— அய்யோ சாமி! பிள்ளையாரு என்ன சொன்னாரு?

— ஒண்ணும் சொல்லல. எனக்கு ஃபர்ஸ்ட் கிளாஸ் வந்துச்சு.

— அப்ப அவருக்கும் புடிச்சுப்போச்சு. எத்தன மடிப்பு வெச்சிருக்கறா பாரு, பொடவைக் கொசுவமாட்ட. மாவு அரிசியா?

— மைதா. உள்ளே முட்டைக்கோஸ். நீங்க வெள்ளிக்கிழமைன்னு சொன்னதால மீட் வேணாம்னுட்டேன். இந்தச் சிவப்புச் சட்னி கொஞ்சமாத் தொட்டுக்கணும், கண்ணுல தண்ணி வந்துடும். எடுத்துக்கோங்க.

— நீ தின்னு கண்ணு. நான் பாக்கறேன்.

— ஏன் ஆன்ட்டி? சுத்தமா இருக்காதுன்னு பார்க்கறீங்களா?

— அட அதில்ல. எங்கூட்டு மாட்டுக் கொட்டாய்ல உக்காந்தே சோறு திங்கறவ நானு. இது வேற. கை நனைக்கறதுன்னா என்னான்னு உங்கம்மா சொல்லியிருக்கறாளா?

— சொல்லாமயா? ஒரு வாரமா வீட்டுல அதே பேச்சுதான். முடிவாகிற வரைக்கும் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பொண்ணு வீட்டுல கை நனைக்க மாட்டாங்க. காபி குடிக்கலாம். சோத்துல கை வெச்சா சம்மதம்னு அர்த்தம்.

— எங்க வகையறாவுல இன்னுமொண்ணு இருக்குது. ஆம்பளைங்க எத்தன பேரு தின்னாலும் கணக்குல வராது. பையனப் பெத்தவ கை நனைச்சாத்தான் முடிவு.

— அதுவும் தெரியும். அதனாலதான் அம்மா ஐ.என்.ஏ. மார்க்கெட் போய் வாழையிலை வாங்கி வந்திருக்காங்க. எல்லாருக்கும் தட்டு, உங்க ஒருத்தருக்கு மட்டும் இலை.

— எனக்கு மட்டுமா?

— இலை விலை அப்படி ஆன்ட்டி! ஆனா இது எங்க வீடு இல்லையே. கடைதானே?

— கூட்டிட்டு வந்தது நீயல்ல?

— அப்ப ஸ்பூன்ல சாப்பிடுங்க. இல்லேன்னா இந்தக் குச்சியில. கையே நனையாது. சட்டப்படி யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது.

— கெட்டிக்காரி! குடு பாக்கலாம் அந்தக் குச்சிய. இதை எப்பிடிப் புடிக்கறது? பேனாவாட்டமா?

— கீழ்க்குச்சி ஆடக் கூடாது. மேல்குச்சி மட்டும் அசையணும். அப்படித்தான். அப்படித்தான்... அரே!

— போச்சு, உன்ற மடியிலயே உளுந்துருச்சு.

— பரவாயில்ல. நான் முதல் தடவை பக்கத்து டேபிள் மேலேயே போட்டேன். அங்க எங்க புரொஃபசர் உட்கார்ந்திருந்தார்.

— எனக்கொரு சந்தேகங் கண்ணு. இவங்க ஊர்லயும் இந்த மாதிரி ஒரு வளமொறை இருக்குமா? திங்கறது, சம்மதம்ங்கறது?

— எனக்குத் தெரியல. கேக்கட்டுமா? தீதி, ஆப்கே யஹான் ரிஷ்தா பக்கா கைஸே ஹோதா ஹை?

— சாங் லேகே ஜாதே ஹைன். லட்கீ கீ மா பீ லே, தோ பக்கா!

— என்னங்கறா? இப்பிடிச் சிரிக்கறா?

— சாங்னு ஒண்ணு இருக்கு ஆன்ட்டி, பார்லியில காய்ச்சறது, நம்ம ஊர் கள்ளு மாதிரி. பையன் வீட்டுலேர்ந்து அதை எடுத்துட்டுப் பொண்ணு வீட்டுக்குப் போவாங்களாம். பொண்ணோட அம்மா வாங்கிக் குடிச்சுட்டா சம்மதமாம்.

— அட! அங்க பொண்ணப் பெத்தவ கையிலயா இருக்குது? நல்ல ஊரா இருக்கும் போல. இவ புருசனூட்லயும் அப்பிடித்தான் கொண்டு போனாங்களா?

— இல்ல, தீதியோட ஹஸ்பெண்ட் திபெத்தியன் இல்ல. கட்வாலி, மலைப்பக்கத்து ஆளு. அங்க ஸ்வெட்டர் விக்கப் போனப்ப பழக்கமாம்.

— வேற சாதியா?

— வேற ஜாதி, வேற பாஷை, வேற சாமி. எல்லாமே வேற.

— அவனப் பெத்தவ ஒத்துக்கிட்டாளா?

— அது... தெரியலையே ஆன்ட்டி.

— கேளு. கேட்டாத் தப்பா நெனைப்பாளா? ஊட்டுல எந்தப் பேச்சுப் பேசறாங்க? அவன் ஆத்தா ஒருக்காலாவது வந்து பாத்தாளா? கேளு கண்ணு.

— தீதி, ஆன்ட்டி பூச் ரஹீ ஹைன், சாஸ் மான் கயீ தீ?

— பஹ்லே நஹீ. பச்சா ஹுவா, தப் ஆயீ.

— முதல்ல வரவே இல்லையாம். குழந்தை பிறந்ததும் வந்தாங்களாம்.

— வந்து? வந்து என்ன பண்ணினா?

— சித்தெ இருங்க, கேக்கறேன்... வந்தாங்களாம், குழந்தையைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டு ஒரு வார்த்தை பேசாம அழுதாங்களாம். அப்புறம் எழுந்து போய் டின்னைத் திறந்து அரிசி இருக்கான்னு பார்த்தாங்களாம். அன்னைக்கு அவங்கதான் சமைச்சாங்களாம்.

— ம்.

— இன்னும் என்ன கேக்கணும்?

— அந்தக் கொழந்தை இவ மொகச் சாடையா, அவன் சாடையா?

— அதோ, அடுப்புக்குப் பக்கத்துல சிவப்புக் குல்லா போட்டுட்டு உட்கார்ந்திருக்கே, அதுதான். நீங்களே பாருங்க.

— மூக்கு இவ மூக்கு. நெத்தி அவனோடதா இருக்கும். நல்லா இருக்குது. நல்லாத்தான் இருக்குது.

— ஆன்ட்டி, நான் ஒண்ணு ஸ்ட்ரெயிட்டா கேக்கலாமா? தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?

— கேளு.

— இதையெல்லாம் நீங்க தீதியைப் பத்தித் தெரிஞ்சுக்கக் கேக்கல. எனக்கு இங்க அந்த மாதிரி யாராவது பஞ்சாபி, பெங்காலின்னு இருக்கானான்னு என் முகத்தைப் பார்க்கத்தானே கேக்கறீங்க?

— அய்யோ, அப்பிடியா நெனச்ச?

— யாரும் இல்ல ஆன்ட்டி. நான் பாய்ஸ் கூட இங்க வருவேன், அதை மறைக்க மாட்டேன். ஒரே கிண்ணத்துல துக்பா சாப்பிட்டிருக்கேன். எலெக்ஷன் பத்திச் சண்டை போட்டிருக்கேன். அவ்வளவுதான். இதனால நாளைக்கு நீங்க வேணாம்னு சொல்றதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. எங்கம்மா பாவம், விடியக்காலையில எழுந்து சமைப்பாங்க.

— பசங்க கூட வருவேன்னு மாமியாகிட்டயே சொல்ற தெகிரியம் எனக்கிருந்தா, நானெல்லாம் எங்கயோ போயிருப்பேன். அதெல்லாம் இல்ல கண்ணு. உன்னைய நான் சந்தேகப்படல.

— சச்சீ?

— சச்சீன்னா?

— நிஜமா?

— நெசமா. இந்தா, இந்தக் கிண்ணத்துல இருக்கறது என்ன, சேமியா ரசமா?

— துக்பா. பேச்சை மாத்தாதீங்க ஆன்ட்டி. உங்களுக்கு என்னைப் பிடிச்சிருக்கா, இல்லியா? எனக்கு நாளைக்கு வரைக்கும் பொறுக்க முடியாது.

— உனக்கு இந்தச் சம்பந்தம் அவ்வளவு வேணுமா?

— வேணும்.

— ஏன்? போட்டோ ஒண்ணப் பாத்ததுதான? நாளைக்கும் அவன் வரப்போறதில்ல. ராய்ப்பூர்ல போர்வெல் போடற வண்டி ஓடுது, வேலைய உட்டுப்போட்டு வர முடியாதுன்னுட்டான்.

— தெரியும். இதுக்கு முன்னாடி வந்தவங்க எல்லாரும் நேர்ல வந்தாங்க ஆன்ட்டி. பஜ்ஜி சாப்பிட்டாங்க. பொண்ணு படிச்சது போதும், கல்யாணம் ஆனதும் நிறுத்திடணும்னாங்க. ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே சொன்னார், 'பேசறதுக்கெல்லாம் ஒரு படிப்பா'ன்னு.

— நானுந்தான கேட்டேன்.

— நீங்க கேட்டது வேற, அவர் கேட்டது வேற. உங்க மகன் பெரியண்ணன் ஒருத்தர்தான், அப்பாகிட்ட ஃபோன்ல சொன்னார், 'கல்யாணத்துக்கு அப்பறமும் அவங்க டெல்லியிலயே இருந்து படிக்கட்டும், எனக்கு அவசரமில்ல'ன்னு. எத்தனை வருஷம் ஆனாலும் சரியாம். எங்கப்பாவுக்கு நம்பவே முடியல. என் ஃப்ரெண்ட்ஸ்லாம் 'உங்க மதராஸ்ல இப்படி ஒரு பையனா'ன்னு கேக்கறாங்க.

— அப்பிடியா சொன்னான்? அவசரமில்லைன்னு?

— ஆமா. அன்னைக்கே எனக்குப் பாதிச் சம்மதம். நீங்க இன்னிக்கு இந்தப் பலகையில வந்து உட்கார்ந்ததும் மீதிச் சம்மதம். என்னைப் பெத்தவங்களே இந்தக் கடைக்குள்ள வர மாட்டேன்னுட்டாங்க.

— இக்கட்ட நகத்து அந்தத் தட்ட.

— என்ன ஆன்ட்டி?

— தட்ட நகத்துன்னேன். அந்தக் குச்சி, கரண்டியெல்லாம் அக்கட்ட எடுத்துடு.

— ஆன்ட்டி! கையால எடுக்கறீங்க!

— கொழுக்கட்டைய கையாலதான் திங்கோணும். ம்... காரமா இருக்குது. நல்லா இருக்குது. இன்னுங்கொஞ்சம் அந்தச் சட்னிய ஊத்து.

— அப்ப உங்களுக்கு என்னைப் பிடிச்சிருக்கு! கை நனைச்சுட்டீங்க!

— உன்னைய ரொம்பப் புடிச்சுப்போச்சு கண்ணு. எனக்குப் பொட்டப்புள்ளை இல்லாத கொறை இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அதனாலதான் இங்க உங்கூட உக்காந்து திங்கறேன். இது உங்க ஊடும் இல்ல, எங்க ஊடும் இல்ல.

— அச்சா, நாளைக்கு எங்க வீட்டுலயும் இதே மாதிரி—

— நாளைக்கு உங்கூட்ல நான் கை நனைக்க மாட்டேன்.

— ஆன்ட்டி?

— உங்கம்மா எலை போடுவா, ஒரு வாய் தின்னுங்கன்னு கெஞ்சுவா. எங்கூட்டுக்காரரு கண்ண உருட்டுவாரு. எனக்கு வயித்து வலின்னு நான் சொல்றப்ப, நீதான் வந்து 'விடும்மா, அவங்களால முடியல'ன்னு சொல்லி எலைய எடுத்துடோணும். இதச் சொல்றதுக்குத்தான் முட்டி வலின்னு சொல்லிப்போட்டு வந்தேன்.

— ஏன்? இப்பத்தானே பிடிச்சிருக்குன்னு சொன்னீங்க!

— எங்கூட்ல நான் வேண்டாம்னு வாய்ல சொன்னா எடுபடாது. இந்தக் கை ஒண்ணுதான் என்ற பேச்சக் கேக்கும்.

— காரணம் சொல்லுங்க. ஜாதகமா? நகையா? எங்கப்பா ஏதாவது தப்பாப் பேசிட்டாரா?

— உங்கப்பாரு தங்கமான மனுசன்.

— அப்ப உங்க மகனுக்கு என்னைப் பிடிக்கலையா? அப்படி இருக்காது ஆன்ட்டி. நான் அவர்கிட்ட பேசியிருக்கேன். அப்பா பேசி முடிச்சதும் ரிசீவரை என்கிட்ட குடுத்தார். சித்தெ நேரம்தான். ஆனா எனக்குப் போதும். நடுவுல அங்க ஒரு குழந்தை அழுதுச்சு, பக்கத்து வீட்டுக் குழந்தையா இருக்கும். என்கிட்ட ஒரு நிமிஷம்னு சொல்லிட்டு, 'நோனி, நோனி, ரோனா நஹீ'ன்னு அவ்வளவு செல்லமாச் சமாதானம் பண்ணினார். நோனின்னா என்னன்னு எனக்குத் தெரியல. டிபார்ட்மென்ட்ல கூடக் கேட்டுப் பார்த்தேன். யாரோ குழந்தைகிட்டயே இப்படிப் பேசறவர் எவ்வளவு நல்லவரா இருப்பார்னு நினைச்சேன்.

— நல்லவந்தான் கண்ணு. அவன் அப்பனுக்குப் பயந்தவன், அவ்வளவுதான். நோனின்னா அந்த ராய்ப்பூர்ப் பேச்சுல பொட்டப்புள்ளைன்னு அர்த்தமாம்.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— அந்த நோனிக்கு என்ற மவன் என்ற பேரத்தான் வெச்சிருக்கறான்.